அகப்பையும் போர்க்கருவியே

நான் சட்டத்தைப் பொய்யாக உரைத்தேன். அறியாமல் அன்று, அறிந்தே உரைத்தேன். அந்தப் பொய்யின்மேல்தான் என் விரிவுரையாளர் நாற்காலி நிற்கிறது!

இரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசி ஓராண்டு கழிந்திருந்தது. மதுரையை அடுத்த பசுமலையில் எங்கள் கல்லூரி மன்றத்தின் சொற்போர். துறைமுக நகரின்மீது குண்டு வீசுவது போர்ச் சட்டத்துக்கு உகந்ததா என்பது பொருள். சீட்டுக் குலுக்கியதில் ‘உகந்ததே’ என்னும் கட்சி எனக்கு வாய்த்தது. எது வாய்த்தால் என்ன? இரு பக்கமும் வளையும் நாக்கு எனக்கு... அதுவே என் செருக்கு.

நடுவர் எங்கள் கல்லூரி முதல்வர். சர்வதேசச் சட்டம் கற்பிக்க அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதை நான் ஒரு கணமும் மறக்கவில்லை.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறுதியில் அவையிலிருந்து எவரும் ஒரு வினா தொடுக்கலாம். மணி அடிக்குமுன் ஒரே வாக்கியத்தில் பேச்சாளன் அவரை வாயடைக்க வேண்டும். கவனியுங்கள்... விடையளிக்க அன்று, வாயடைக்க!

அன்று எழுந்தவர் பெரியகருப்பன். உசிலம்பட்டிக்காரர். இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். காடும் மலையும் நடந்தே ஊர் திரும்பியவர்.

“அய்யா, எம் பொண்டாட்டி பேச்சி அங்கன மூட்டை தூக்குறவுகளுக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தா. குண்டு விழுந்து செத்துப்போனா. அவ யாரோட சண்டைக்குப் போனா?”

போரில் ஈடுபடாதவரைத் தாக்கலாகாது என்பதை நான் அன்று காலைதான் படித்திருந்தேன். துறைமுகம் இலக்காகலாம், கஞ்சி ஊற்றுபவள் ஒருபோதும் இலக்காக மாட்டாள். அந்த வாக்கியம் என் நாவின் நுனியிலேயே இருந்தது. அதை விழுங்கினேன். கையை உயர்த்தினேன்.

“போருக்குச் சுமை தூக்கும் கரத்துக்குக் கஞ்சி வார்க்கும் அகப்பையும் போர்க்கருவியே!”

மணி அடித்தது. மண்டபம் அதிர்ந்தது. முதல்வரும் கைதட்டினார். சீ!

அத்துடன் முடிந்திருந்தால் அதை மேடைக் கூத்து என்று நீங்களும் மன்னித்திருப்பீர்கள். ஆனால் பெரியகருப்பன் வாயிலில் காத்து நின்றார். என் கழுத்தில் மாலை. என் அருகில் முதல்வர்.

“படிச்சவுக சொல்லுங்க அய்யா. மெய்யாவே சட்டம் அப்படித்தானா?”

முதல்வரின் முகத்தைப் பார்த்தேன். “ஆம்” என்றேன்.

அவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

“அப்ப நாந்தான் அவளக் கொன்னுருக்கேன். கஞ்சி ஊத்தப் போன்னு அனுப்புனதே நாந்தான்.”

பதவி கிடைத்தது. அந்த வரியைச் சொல்லும்படி மாணவர்கள் இன்றும் வேண்டுகிறார்கள். சொல்கிறேன். அவர்கள் மேசையைத் தட்டும்போது, எச்சில் இலையை வழித்து உண்பவனைப் போல அந்த ஓசையை உள்வாங்குகிறேன். இந்த நாவைக் கண்ணாடியில் காணவும் கூசுகிறேன்!

சென்ற மாதம் உசிலம்பட்டிக்குப் பேருந்து ஏறினேன். நான் சொன்னது பொய், அவள் சாவு குற்றமே, அந்தக் குற்றம் உம்முடையது அன்று... இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மூன்றே வாக்கியங்கள்! வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

மாட்டுச் சந்தையில் அவரே என்னை அடையாளம் கண்டார். இளைத்திருந்தார். அருகில் நின்றவர்களிடம் என்னைக் காட்டினார்.

“எனக்குச் சட்டம் சொன்ன அய்யா இவுகதான். இவுக வாக்கு தப்பாது.”

அவர்கள் கும்பிட்டார்கள். மேடையில் பழகிய என் கைகள் தாமாகவே குவிந்தன. முதுகு தானாகவே வளைந்தது. கைதட்டலுக்கு வணங்குவது போலவே... அவருக்கும் வணங்கினேன்.

அந்த மூன்று வாக்கியங்களையும் விழுங்கினேன். அடுத்த பேருந்தில் மதுரைக்குத் திரும்பிவிட்டேன்.