விலை இறங்காத கேசட்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த டிவி கேம் கடையில் நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலம் அது. பச்சைத் தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. கேம் வாங்க வந்தவர்களைவிட விற்க வந்தவர்களே அதிகம். கேம் கேசட்டைக் கையில் எடுத்ததுமே அதன் விலையைச் சொல்லிவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இன்றும் இருக்கிறது.

வருஷா வருஷம் புதுசு வருகிற கிரிக்கெட், ஃபுட்பால் கேம்களுக்கு அடுத்தது வந்த அன்றே மதிப்புப் போய்விடும். ஒருவர் தனியாக ஆடி முடித்து மறந்துவிடுகிற கேமுக்கு விலை மெதுவாக இறங்கும். நாலு பேர் கூடி ஆடி, சண்டை போட்டு, மறுநாளும் ஆடுகிற கேமுக்கு விலை அப்படியே நிற்கும். முதலாளிக்கு இது பிடிபடவே இல்லை. அவருக்குப் பழசு என்றால் எல்லாம் ஒரே ரேட்.

ஒரு மழை நாளில் மஞ்சூரிலிருந்து செல்வம் அண்ணன் வந்தார். மூடிப்போன ஃபேக்டரி ஒன்றில் தேயிலைத் தூள் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்தவர். தோளில் சுமந்து வந்த தேயிலைப் பெட்டியை இறக்கித் திறந்தார். உள்ளே இருபது ஒரிஜினல் கேசட்டுகள், ஷார்ஜாவில் இருக்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்தவை.

“மகளுக்குக் கோயமுத்தூர்ல நர்சிங் சீட்டு கெடச்சிருக்குதுங்க அம்மிணி. திங்கக்கெழமைக்குள்ள ஆறாயிரம் கட்டோணும். இல்லீனா சீட்டு போயிருமுங்க.”

முதலாளி எட்டிப் பார்த்தார். “எல்லாம் பழசுங்க. மொத்தமா ரெண்டாயிரம் தர்றேன்.”

“சார், இத எங்கிட்ட விடுங்க. வெலிங்டன் மிலிட்டரி கேம்ப்ல மேஜர் ஒருத்தரு இந்த மாதிரிதான் தேடிட்டிருக்காரு. ஞாயித்துக்கெழமை வருவாரு. அண்ணா, ஆறாயிரத்துக்கு நானாச்சுங்க” என்றேன்.

முதலாளி கமிஷனுக்குச் சம்மதித்தார். அண்ணன் என்னை நம்பிக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு. குன்னூர் ஈரத்தில் கேசட்டின் அட்டை டப்பா நிற்காது, ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்து நாறும். அதனால் கேசட் வந்ததும் டப்பாவைக் கிழித்து எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டு நம்பர் எழுதுவது எங்கள் கடை வழக்கம். முதலாளியோடு பேசிக்கொண்டிருந்த சுவாரசியத்தில் என் கை தன்பாட்டுக்கு மூன்று டப்பாக்களைக் கிழித்துவிட்டது. நாலாவதை எடுத்தபோதுதான் கவனித்தேன். ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. மனிதர் டீ மேக்கர் அல்லவா? ஈயத்தாள் ஒட்டிய பெட்டிக்குள் தேயிலைத் தூளைப்போலவே காப்பாற்றி வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மேஜர் வந்தபோது அண்ணனும் இருந்தார். டப்பாவோடு இருந்த பதினேழுக்கும் நான் சொன்ன விலையை மேஜர் பேரம் பேசாமல் கொடுத்தார். கிழித்த மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“டப்பா இல்லாம கலெக்‌ஷன்ல வைக்க முடியாதும்மா.”

கமிஷன் போக ஐயாயிரம்தான் தேறியது.

“அண்ணா, நாந்தானுங்க கிழிச்சுப் போட்டேன். ஒண்ணாந்தேதி சம்பளம் வந்ததும் மிச்சத்தத் தந்தர்றேனுங்க” என்றேன்.

“நாளைக்குக் கட்டோணுமுங்களே அம்மிணி” என்றார். கோபம் இல்லை. ஜெர்கினுக்குள் கைவிட்டு, பேப்பரில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்தார். நாலு பேர் ஆடும் கார் ரேஸ். டப்பா புத்தம்புதுசாக இருந்தது.

“இது நானும் புள்ளையும் தெனம் ஆடறதுங்க. குடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். பத்தலீன்னா ஆகட்டும்னு எடுத்தாந்தேனுங்க.”

மேஜர் ஆயிரத்து ஐந்நூறு எண்ணிக் கொடுத்தார். சீட்டு பிழைத்தது. அண்ணன் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்வரை நான் தலை நிமிரவில்லை.

அந்தக் கார் ரேஸைக் கேட்டு வந்தவர்கள் ஏராளம். ஆனால், நான் கவுண்டரில் இருந்த நாலு வருஷத்தில் வேறு யாரும் அதை எங்களிடம் விற்க வந்ததில்லை. நான் அதுவரை ஆட்டத்தை மட்டும் பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்தேன். விற்க மனசு வராதவர்கள் வீடு வீடாக அதைப் பிடித்து வைத்திருந்ததால்தான் விலை இறங்கவில்லை என்பது, ஒரு மனிதரை விற்க வைத்த பிறகே எனக்குப் புரிந்தது.

இப்போது கடை என்னுடையது. நாலு பேர் கூடி ஆடுகிற அப்படி ஒரு கேம் கவுண்டருக்கு வந்தால், விலை சொல்வதற்கு முன்னால், “இத வித்துத்தான் ஆகோணுமுங்களா?” என்று கேட்கிறேன். பாதிப் பேர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.