குலசாமியின் இடப்பக்க மீசை

எங்கள் குலசாமிக்கு முகம் கிடையாது. கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் இடுப்புயரக் கல் ஒன்று; அதன் முன்னால் குத்தி நிறுத்திய இரண்டு அரிவாள்கள். அவ்வளவுதான் சாமி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கல்லைக் கும்பிட்டதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் இருந்தது. அவர் மதுரையில் சாமி படங்களுக்கு பிரேம் போடுகிற கடை வைத்திருந்தார்.

"ஊர்ச் சாமிக்கெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்புறேன். நம்ம சாமிக்கு மாட்ட ஒரு படம் இல்லையே" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார்.

எனக்கு இருந்த குறை வேறு. மகனுக்கு ஐந்தாவது வயசு தொடங்க இருந்தது, இன்னும் காது குத்தவில்லை. எங்கள் வீட்டில் ஒற்றைப்படை வயசில், குலசாமி கோவிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். ஒரு வயசில் குத்த இருந்தபோது மாமியார் தவறிவிட்டார். மூன்று வயசில் என் தம்பிக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சு நின்றுபோனது. எனக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். பிள்ளைக்கு வேறு மடிக்கு நான் எங்கே போவேன்?

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு இஞ்ச். தம்பி பசுமலையில் சின்னதாக ஒரு வீடு கட்டினான். மினிபஸ் ஓட்டிச் சேர்த்துக் கட்டிய வீடு. பால் காய்ச்சிய அன்று எல்லோரும் நின்று ஒரு போட்டோ எடுத்தோம். தம்பி எல்லோரையும் நடுவில் நிறுத்திவிட்டுத் தான் போய் ஓரத்தில் நின்றான். என் வீட்டுக்காரர் அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை எங்களுக்கும் ஒன்றை அவனுக்கும் பிரேம் போட்டார். கையில் இருந்த பிரேம் ஒரு இஞ்ச் சின்னது. பிளேடை எடுத்து இரண்டிலும் ஓரத்தை நறுக்கிவிட்டார். தீபாவளிக்குத் தம்பியின் மாமனார் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது போய் மாட்டினார். படத்தில் தம்பிக்கு ஒரு கண், அரை மூக்கு, அரை மீசை.

மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. கன்னத்தில் ஏறி நிற்கும். பஸ் திரும்பும்போது கையைக் காட்டாவிட்டாலும் மீசையைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்கள் என்று அவனைக் கேலி பண்ணுவோம்.

"வீட்டக் கட்டுனவன் நானு. என் சுவத்துலயே நான் பாதியா?" என்றான் தம்பி.

இவர் சிரிப்புக்காட்டுகிறேன் என்று, "பாதியாச்சும் இருக்கீல்ல மாப்ள" என்றார்.

மாமனார் வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். அதோடு சரி. "மச்சான் வெத்தல பாக்கோட வந்து கூப்புடட்டும், வாரேன்" என்று அவன். "ஒரு இஞ்சுக்குப் போயி நான் கெஞ்சணுமா?" என்று இவர். நடுவில் என் பிள்ளையின் காது.

கடைக்கு வருகிறவர்கள் பழைய போட்டோவைத் தெளிவாக்கிக் கேட்க ஆரம்பித்த சமயம் அது. இவர் ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தார். பாய் கடையில் போட்டோ வேலைக்கென்று மலிவாக ஒரு சிடியும் வாங்கி வந்தார். ஆனால் சுத்தியல் பிடித்த கைக்கு மவுஸ் நிற்கவில்லை. ஆணி அடிப்பது போல அழுத்துவார். திரையில் பத்து ஜன்னல் திறக்கும். எட்டாம் வகுப்புப் படித்த நான் உட்கார்ந்தேன்.

அடுத்த தெருவில் ஒரு சௌராஷ்டிரப் பெண் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினாள். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் எனக்குச் சொல்லித் தந்தாள். "லேயர்" என்று அவள் சொன்னது மூன்று நாளாக எனக்கு ஏறவில்லை.

"அக்கா, ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். மேல உள்ளதத் தொட்டா கீழ உள்ளது அசையாது."

"கண்ணாடி, அதுக்குக் கீழ படம், அதுக்குக் கீழ அட்டைன்னு பிரேம்ல வைக்கிறாப்லயா?"

"அதத்தானே அக்கா மூணு நாளா சொல்றேன்."

அன்றிலிருந்து எனக்குப் பிடிபட்டது. ஆனாலும் முதல் மாதம் நான் கெடுத்த படங்களுக்கு அளவில்லை. ஒரு தாத்தாவின் நெற்றிச் சுருக்கத்தை அழிக்கப் போய்த் திருநீற்றையும் அழித்துவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பப் பூசினேன். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு பட்டன் இருப்பதை அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் காட்டினாள். இப்படி ஒன்றை ஆண்டவன் மனுஷனுக்குக் கொடுக்காமல் போனானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு இஞ்ச் திரும்ப வந்திருக்கும்.

கை பழகியதும் இவர் கேட்டுவிட்டார். "நம்ம சாமியச் செஞ்சு குடு."

சாமி எப்படி இருக்கும் என்பதில் பங்காளிகளுக்குள் சண்டை இல்லை. வெள்ளைக் குதிரை, ஓங்கிய அரிவாள், ஏறிய மீசை. பூசாரிக்கு அருள் வரும்போது அப்படித்தான் சொல்லுவார். குதிரை சிடியிலேயே இருந்தது. ஏதோ வெளிநாட்டுப் பந்தயக் குதிரை; விலாவில் ஏழு என்று எழுதிய துணி போட்டிருந்தது. எனக்கு அந்த எழுத்தை அழிக்க வரவில்லை. மேலே ஒரு ரோஜா மாலையைப் போட்டு மூடினேன்.

குதிரைமேல் உட்கார ஓர் ஆள் வேண்டும். "நீங்கதான் உக்காரணும்" என்றேன்.

"என் படத்த நானே கும்பிடவா? அபச்சாரம்."

"உங்க அப்பா மேல சாமி வந்து ஆடுனாருல்ல? அப்ப அவரு உடம்பத்தான குடுத்தாரு. அந்த மாதிரி நீங்க ஒரு நிமிசம் குடுங்க."

மூன்று நாள் கவுச்சி தொடாமல் விரதம் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, வேட்டியை வரிந்து கட்டி, தொப்பையை மறைக்கத் துண்டைச் சுற்றி, சந்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய எங்கள் மொபெட்டில் ஏறி உட்கார்ந்து, தேங்காய் வெட்டுகிற அரிவாளை ஓங்கினார். நான் இரவல் கேமராவோடு நின்றேன். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, காலையிலேயே எங்க கெளம்பிட்டீக?"

இவர் உக்கிரம் கலைந்துவிடும் என்று பதில் சொல்லவில்லை. கண்ணை உருட்டியபடியே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மொபெட்டிலிருந்து அவரை வெட்டி எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. எல்லாவற்றையும் எடுத்தவள், ஹேண்டில்பாரின் வட்டக் கண்ணாடியை மட்டும் கையோடு விட்டுவிட்டேன். அதைப் பிறகு ஒரு பெரிய பங்காளி பார்த்துவிட்டு, "கேடயம். எங்க தாத்தா சொல்லியிருக்காரு" என்று உறுதியாகச் சொன்னார்.

ஒரே குறை மீசைதான். இவருக்கு இருப்பது பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருக்கும். "எங்கிட்டாவது நல்ல மீசையா எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். சிடியில் இருந்த வெள்ளைக்கார மீசைகள் ஒன்றும் பொருந்தவில்லை. என் கண் சுவரில் இருந்த அந்த நறுக்கிய போட்டோவுக்குப் போனது. என் கல்யாண ஆல்பத்தில் தம்பி பள்ளிக்கூடப் பையன். மீசை வைத்தபின் அவன் நின்ற படம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். அதில் இருப்பதும் அரை மீசை. வலப்பக்கம் மட்டும்.

படத்தை அப்படியே இடவலமாகத் திருப்புகிற ஒரு வசதி அந்த சிடியில் உண்டு. அரை மீசையைப் பிரதி எடுத்து, திருப்பி, இடப்பக்கம் ஒட்டினேன். சாமிக்கு முழு மீசை வந்துவிட்டது. பார்த்த எனக்கே கை தானாகக் குவிந்தது.

"மீச எங்க புடிச்ச?" என்றார் இவர்.

"சிடியில இருந்துச்சு" என்றேன். சாமி காரியத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்காகத் தினமும் ஒரு திரி கூடுதலாகப் போட்டேன்.

படம் நன்றாகப் போனது. பங்காளிகள் நாற்பது வீட்டிலும் மாட்டினார்கள். இவர் காலையில் குளித்துவிட்டு வந்து, தன் உடம்பும் தன் மச்சினன் மீசையுமாக நின்ற படத்துக்குச் சூடம் காட்டி, "எல்லாரையும் ஒத்துமையா வையி சாமி" என்று கண்ணை மூடுவார். நான் அடுப்படியில் நின்று பார்ப்பேன். பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு பேரும் ஒரே படத்தில். சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.

இப்படி எட்டு மாதம். மகனுக்கு ஆறு தொடங்க நாலு மாதம்தான் இருந்தது. பெரிய பங்காளி வந்து, "தாய்மாமன் வரலைன்னா என்ன? என் மச்சினன் மடி சும்மாத்தான இருக்கு" என்று நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். இவரும் தலையாட்டினார். யாரோ ஒருவர் மடியில் என் பிள்ளையை எப்படி உட்கார வைப்பேன்?

காதுகுத்துக்குக் காணிக்கையாகக் கோவிலில் பெரிய படம் வைப்பதாக இவர் வேண்டிக்கொண்டார். கதவளவு அச்சடித்து வாங்கி வந்து, கடை மேஜையில் விரித்து, ஸ்கேலை வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நான் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே போனபோது சாமியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு. ரெண்டு மீசைக்கும் நடுவுல ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு சந்து."

சின்னப் படத்தில் தெரியாதது பெரிதில் தெரிந்தது.

"என் பிளேடு கீழ போகப் போக இடது பக்கம் சாயும். இருபது வருசமா அப்படித்தான். இது என் வெட்டு. ஒரு பக்கத்தத் திருப்பி ஒட்டுனா கூரைதான வரும்." ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "அவன் மீசையா?" என்றார்.

"ஆமாங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தார். "எட்டு மாசமா நான் யாரக் கும்பிட்டேன்?"

"சாமியத்தான். உடம்பு நீங்க குடுத்தீங்க, மீச அவன் குடுத்தான்."

"அவன் குடுக்கலையே. நீ எடுத்த." மறுபடி படத்தைப் பார்த்தார். "நாப்பது வீட்டுல இருக்கு. கழட்டவும் முடியாது. ஆனா கோவில்ல வைக்கிற படத்துல திருப்பிப்போட்ட மீச இருக்கக் கூடாது. அது ஏமாத்து. மீதி மீசைய அவன்ட்ட இருந்து எடுக்கணும்."

"பேச மாட்டேன்னீங்களே."

"பேசப் போகல. சாமி வேலையாப் போறேன்."

சாமிக்கென்று ஒன்றைக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் எடுத்து வைத்தேன். அதன்மேல் கேமராவை வைத்தார். தாய்மாமனைக் காதுகுத்துக்கு அழைக்கப் போகும்போதும் இதே தட்டுதான், கேமரா மட்டும் இருக்காது. அது எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

பசுமலையில் கதவைத் திறந்தது தம்பிதான். பழக்க தோஷத்தில், "வாங்க மச்சான்" என்றுவிட்டான். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு இது:

"மீசைய எங்க மாப்ள?"

தம்பியின் மேலுதடு மழுமழுவென்று இருந்தது. என் கல்யாணத்தில் பார்த்த பையன் மாதிரி நின்றான்.

"அந்தத் தீபாவளியோட எடுத்துட்டேன். மாமனார் வீட்டுக்குப் போனா 'அரை மீச வந்துட்டாரு'ங்குறாய்ங்க. முழுசா வச்சு என்ன செய்ய?"

சுவரில் அந்தப் போட்டோ மாட்டியபடியே இருந்தது. அவன் இருக்கிற ஓரத்தில் மட்டும் ஒரு நாள்காட்டி தொங்கியது.

இவர் தட்டோடு தரையில் உட்கார்ந்தார். "அப்ப மீதி இல்லையா?" என்றார். கடையில் கண்ணாடி உடைந்தால்கூட அவர் குரல் அப்படிப் போனதில்லை.

நான் பையிலிருந்து சின்னப் படத்தை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தேன். அவன் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். மீசையின்மேல் விரலை வைத்தான்.

"இது என்னுதுல்ல?"

"ஆமாடா."

"இந்தப் பக்கம்?"

"அதுவும் உன்னுதுதான். திருப்பிப் போட்டேன்."

"எம்புட்டுப் பேரு வச்சிருக்காக?"

"நாப்பது வீடு" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் தெனமும் சூடம் காட்டுறேன்."

தம்பி படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு, "ஒடம்பு யாரு? தொப்பையப் பாத்தா மச்சானாட்டம் இருக்கு" என்றான்.

"துண்டு கட்டியுமா தெரியுது?" என்றார் இவர்.

அவன் முதலில் சிரித்தானா, இவர் முதலில் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. என் கண் மறைத்துவிட்டது. தெளிந்து பார்த்தபோது தம்பி பெண்டாட்டி தட்டை வாங்கிக் கேமராவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வெற்றிலை பாக்கைச் சாமி மாடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். தட்டை உள்ளே கொண்டுபோனால் அழைப்பை ஏற்றதாக அர்த்தம்.

"ரெண்டு மாசம் டயம் குடுங்க மச்சான்" என்றான் தம்பி. "வளத்துட்டு வாரேன்."

பெரிய பங்காளியிடம் நாளைத் தள்ளி வைக்கச் சொல்லி இவரே போய்ச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "மீச வளரணும்" என்றாராம். மீசை வளர்ந்ததும் இவர் தம்பியைப் படம் எடுத்து வந்தார்; கோவில் படத்துக்கு அவனுடைய நிஜ இடப்பக்க மீசையையே ஒட்டினேன்.

காதுகுத்தன்று கண்மாய்க்கரையில் தம்பி மீசையோடு வந்து இறங்கினான். கும்பிட வந்த பெண்கள் இரண்டு பேர் சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வழிவிட்டார்கள். என் மகன் அவன் மடியில் உட்கார்ந்து, ஊசி பட்டதும் கத்தி, கைக்கு எட்டிய மீசையை இறுகப் பிடித்துக்கொண்டான். தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விடு என்று சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து பூசாரி தம்பிக்குத் திருநீறு பூச வந்தார். மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த பெரிய படத்தைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"தம்பி, இடப்பக்கம் கொஞ்சம் தொங்குது. சாமி மீசையப் பாத்து நல்லா முறுக்கி விட்டுக்க."

"சரிங்க சாமி" என்றான் தம்பி. இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஓரத்தில் யாரும் வெட்டுப்படக் கூடாதென்று பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார், கண்மாய்த் தண்ணீரில் கால் படுகிற வரைக்கும்.