பெட்டியின் பின்பக்கச் சந்தனம்

அந்தச் சாம்பல்நிறப் பெட்டியின் பின்பக்கத்தில் சந்தனம் காய்ந்து, வெடித்து, பழைய காசு போல ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த குங்குமம் கறுத்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதை வைத்த விரல் என்னுடையது.

பெட்டி என் அண்ணியுடையது. அவர் அண்ணியாவதற்கு முன், பத்தாங் காலி பட்டணத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் இயங்கிய சிறு நிறுவனத்தில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக வீடியோ கேம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிரல் எழுதுவார். நான் விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பேன். சிலாங்கூர் ஆற்றில் இருட்டில் படகோட்டிச் செல்லும் விளையாட்டு அது. மின்மினிகள் ஒருசேர ஒளிரும் கணத்தில் மட்டுமே கரை தெரியும். மறுபடி ஒளிர்வதற்குள் துடுப்பை எந்தப் பக்கம் போடுவதென்று முடிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் படகை மோதிப் பார்ப்பதே என் உத்தியோகம். "மோதும்மா, நல்லா மோது. இதுக்குச் சம்பளம் வேற யாரு குடுப்பா," என்பார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

கடைகளில் விற்கும் விளையாட்டு இயந்திரமல்ல அந்தப் பெட்டி. விளையாட்டை உருவாக்குபவர்களுக்கென்று தனியாகச் செய்யப்பட்டது. தடித்த கம்பி ஒன்றால் கணினியோடு இணைத்து, கணினி கட்டளையிட்டால்தான் அது உயிர்பெறும். அப்படி இணைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. ஏழு, கணினிக்கே உரியது. அதை வேறு எதற்காவது வைத்துவிட்டால் கணினியின் கண்ணுக்கு அந்தக் கருவி தெரியாது. எங்கள் பெட்டியின் எண் ஆறு. வந்து இறங்கிய அன்றே அவர் அமைத்தது.

ஆயுத பூசையன்று சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. பெட்டியின் முன்பக்கம் முழுக்க விளக்குகளும் பொத்தான்களும். எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற அச்சத்தில், பின்பக்கம் சிறு குழியாகத் தெரிந்த இடத்தில் மோதிர விரலால் அழுத்திப் பொட்டு வைத்தேன். மறுநாள் காலை கணினிக்குப் பெட்டி தெரியவில்லை. அந்த வார இறுதிக்குள் வெளிநாட்டார் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணி கம்பியை மாற்றினார், கணினியை மாற்றினார், பெட்டியைத் திறந்தும் பார்த்தார். "நம்பர் ஆறுதானே, நான் வச்சதுதானே," என்று தமக்குள் சொல்லிக்கொண்டவர், அந்தப் பொட்டை மட்டும் துடைக்கவில்லை. பூசைப் பொட்டு தானாக உதிர வேண்டும். எங்கள் வீடுகளில் யாரும் அதைத் துடைத்ததில்லை. வந்தவர்கள் இருண்ட திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒப்பந்தம் போயிற்று; அலுவலகமும் மூடப்பட்டது. சாமான்களை ஏற்றிப்போக லோரியோடு வந்தவர் என் அண்ணன். அப்படித்தான் அவர்கள் சந்தித்தார்கள்.

விளையாட்டு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அண்ணியின் மூன்றாண்டு உழைப்புக்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. "மூணு வருசம் கேம் விளையாடிச் சம்பளம் வாங்குனவங்க," என்று விருந்தாளிகளிடம் அண்ணன் கேலி செய்வார். அண்ணியும் சிரிப்பார். பெட்டியை மட்டும் யாரையும் தொடவிட மாட்டார்.

கடந்த மாதம் ஈஜோக்கிலிருந்த வீட்டைக் காலி செய்தார்கள். "பழைய இரும்பு லோரி நாளைக்கு வருது. பெட்டி ஓடலைன்னா ஏத்திருவேன் லா," என்று அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணி என்னை அழைத்தார். பின்னர் நான் பணியாற்றிய நூலகத்தில் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய் இணைத்தோம். பெட்டி தெரியவில்லை. அண்ணி கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

கிழிந்த புத்தகங்களிலிருந்து பழைய ஒட்டுத்தாள்களை ஈரப்பஞ்சால் எடுத்துப் பழகிய கை எனக்கு. அண்ணியிடம் கேட்டுவிட்டு, அதே விதமாகச் சந்தனத்தைக் கரைத்தேன். அடியில் ஓர் எண் தெரிந்தது: ஏழு. அதனருகே கடுகளவு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் எண் ஒன்று கூடும்; ஏழைத் தாண்டினால் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும்.

சத்தமில்லாமல் மாற்றிவிட்டிருக்கலாம். முடியவில்லை. "அண்ணி, அன்னைக்கு அழுத்துனது நான்தான்," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "மூணு வருசம்," என்றார் மெல்ல. பிறகு அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். "இது ஓடியிருந்தா லோரி வந்திருக்காது. நான் தப்பிச்சிருப்பேன்."

"இப்பவும் ஒன்னும் கெட்டுப்போகல. நாளைக்கும் லோரி வருது, ஏறிக்க," என்றார் அண்ணன்.

அண்ணி எண்ணை ஆறாக்கினார். திரை இருண்டே இருந்தது. பிறகு, இரு கரைகளிலும் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்தன. அண்ணன் கேலியை மறந்து அருகில் வந்து உட்கார்ந்தார். முதல் மரத்திலேயே படகை மோதினார். "இதை எப்படித் திருப்புறது?" என்று கேட்டுக் கேட்டு, சாயங்காலத்துக்குள் முகத்துவாரத்தை அடைந்துவிட்டார். முடிவில் விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஏறி வந்தன. முதல் பெயர் அண்ணியுடையது. அண்ணன் அதை வாய்விட்டு வாசித்தார். பிறகு மறுபடி ஒருமுறை, தகப்பன் பெயரோடு சேர்த்து.

மறுநாள் லோரி வந்தபோது பெட்டியை யாரும் வெளியே எடுத்து வைக்கவில்லை. புது வீட்டில் அது சாமி படங்களுக்குக் கீழே இருக்கிறது. பால் காய்ச்சிய அன்று அண்ணி சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"நீயே வை. முன்பக்கமா வை."