பெரியப்பாவின் இலவசப் பகல்

ராஜசேகரன் பெரியப்பா ஓட்ஸ் சாப்பிட மாட்டார். அவர் வீட்டில் வேறு யாரும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் ராணுவக் கேன்டீன் அட்டையில் கிடைக்கிறது என்பதற்காக மாதந்தோறும் வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிடுவார். ஒருமுறை அங்கே விழுந்த என் காதணியைத் தேடக் குனிந்தேன். ஓட்ஸ் பொட்டலங்களில் வண்டு ஊர்ந்தது. டப்பாக்களில் ஷூ பாலிஷ் காய்ந்து வெடித்துக் கிடந்தது. காதணி கிடைத்தது. எடுத்து மூன்று முறை கழுவினேன்.

ஆவடி டாங்க் ஆலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராம் பக்கம் சொந்த வீட்டுக்குப் போன பிறகும் குவார்ட்டர்ஸ் பழக்கம் போகவில்லை. கோட்டாவை விடக்கூடாது. கல்யாண வீட்டில், வராத பிள்ளைகளின் பேரைச் சொல்லித் தாம்பூலப் பை வாங்குவார். பந்தியில் மிஞ்சிய ஜாங்கிரி அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் பச்சை பூக்கும்வரை இருக்கும்.

தாட்சாயிணி பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. அதிகம் பேச மாட்டார். இதைப் பற்றி அவர் சொல்லிக் கேட்ட வாக்கியம் ஒன்றுதான்: "எங்க ஊட்ல புதுசா எதையும் தின்னது இல்ல வித்யா. பழசு தீர்றதுக்குள்ள புதுசும் பழசாயிடும்."

போன வருடம் அவர்களின் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு மெல்போர்னில் இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்குப் பெரியம்மாவால் போக முடியவில்லை. கிளம்ப வேண்டிய வாரத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறி மருத்துவமனையில் கிடந்தார். பிரியா தனியாகப் பிள்ளை பெற்றாள். இந்த முறை தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டாள். "நீ ஒடம்ப நல்லா வச்சிகினு வர்றதா இருந்தா வாம்மா. ரெண்டு பேஷன்ட்ட என்னால பாக்க முடியாது."

அதனால் பெரியம்மா ஆறு மாதமாக ஒரு ஜாங்கிரியைக்கூடத் தொடவில்லை. அங்கே தங்கும் நாளுக்கெல்லாம் வேண்டிய இன்சுலின் பேனாக்களைப் பெரியப்பாவின் மருத்துவ அட்டையில் வாங்கி, ஜெல் பை வைத்த நீல உறையில் போட்டு, தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். படிக்கப் போகும் நானும் அதே ஊருக்குத்தான் என்பதால், ஆங்கிலம் பேச ஆள் ஆயிற்று என்று என்னையும் அவர்களோடு சேர்த்து அனுப்பினார்கள்.

டிக்கெட் எடுத்தது பெரியப்பா. கொழும்பில் ஒரு முழுப் பகல் காத்திருக்க வேண்டிய டிக்கெட்டாகப் பார்த்து எடுத்திருந்தார். விமான நிறுவனமே அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் தரும்.

"ஒரே டிக்கெட்டு, ரெண்டு நாடு! எவன் பாத்துகீறான் நம்ம ஏரியால?" என்றார். பக்கத்து வீட்டு இளங்கோ சாரிடம் சொன்னார், எதிர் வீட்டில் சொன்னார், விமான நிலைய வரிசையில் முன்னால் நின்ற முன்பின் தெரியாதவரிடமும் சொன்னார்.

விடுதி நீர்கொழும்பில், கடலுக்கு அருகில். அழைத்துப்போக வந்த வேன் ஓட்டுநர் முகமது ஆசிக் தமிழில் பேசினார். அறையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் இருந்தது. பழைய மாதிரி. மேலே பனி மூடிய ஐஸ் தட்டு, கீழே ஒரே ஒரு அலமாரி. பெரியம்மா அந்த அலமாரியில் நீல உறையை வைத்துவிட்டு, "நான் செத்த படுக்கறேன்" என்றார்.

"படுக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? எழுந்துரு, மத்தியான சாப்பாடு ஆரம்பிச்சுட்டான்."

அந்தச் சாப்பாட்டை மறக்க முயன்றிருக்கிறேன். பெரியப்பாவின் தட்டில் மீன் குழம்பின் மேல் புட்டிங், புட்டிங் மேல் நூடுல்ஸ். சாப்பிட்டு முடித்து, மறுபடி போய், யாரும் பார்க்காத மாதிரி முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பொரித்த மீனை டிஷ்யூ தாளில் சுற்றி பேன்ட் பையில் வைத்தார். எண்ணெய் துணியில் ஊறி வட்டமாகப் பரவியது. சின்ன மண்சட்டிகளில் எருமைத் தயிர் வைத்திருந்தார்கள். அவற்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறினார். பரிமாறிய பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு ஊர் சுற்றல். ஆசிக் எங்களைக் கருவாடு காயும் கடற்கரைக்கு அழைத்துப்போனார். கண்ணுக்கெட்டிய தூரம் சணல் விரிப்புகள், அவற்றின் மேல் வயிறு பிளந்த மீன்கள். பெரியப்பா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, பிடிக்காததைத் திரும்ப எறிந்தார். உலர்த்திக்கொண்டிருந்த பெண் ஏதோ சிங்களத்தில் சொன்னாள்.

"இன்னா சொல்லுது அந்தம்மா?"

"கையை எடுங்கோ எண்டு சொல்றா சேர்" என்றார் ஆசிக், சிரிக்காமல்.

"பாத்தா தேஞ்சிடுமா?" என்றபடி அந்தக் கையாலேயே பெரியம்மாவின் தோளைப் பிடித்து மணலில் நிறுத்தினார். குவார்ட்டர்ஸ் வாட்ஸாப் குழுவுக்கு வீடியோ வேண்டும். "செருப்ப கழட்டு தாச்சா. அலைல நட. திரும்பிப் பாத்து சிரி."

"மணல் சுடுது. டாக்டர் வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னாரு."

"டாக்டரு இன்னா இங்க வந்தா பாக்கப் போறான்? நட!"

அவர் நடந்தார். முதல் தடவை சிரிக்கவில்லை என்று மறுபடி நடக்கவைத்தார். பிறகு ஒரு தேவாலயம், ஒரு மீன்வாடி, ஒரு படகுத்துறை. எங்கேயும் நின்று பார்க்கவில்லை. பார்த்தாயிற்று என்று படம் எடுத்ததும் அடுத்த இடம். வேனில் பெரியம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தோளில் மீன் செதில் ஒன்று ஒட்டி மினுங்கியது. நான் அதைத் தட்டிவிட்டேன்.

மாலையில் அறைக்குத் திரும்பினோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய ஊசிக்காகப் பெரியம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தார். அலமாரி முழுக்கத் தயிர்ச் சட்டிகள். டிஷ்யூவோடு ஒட்டிப்போன மீன். நீல உறை இல்லை.

"மேல தட்டுல வச்சேன்" என்றார் பெரியப்பா. "தயிருக்கு எடம் பத்தல. மருந்து ஜில்லுனு இருந்தா இன்னும் நல்லதுதானே?"

உறை பனியோடு சேர்ந்து பிடித்திருந்தது. இழுத்து எடுத்தோம். பேனாக்களை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கல்லாக இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பெரியம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

மருந்தோடு வந்த தாளைப் படித்தேன். "உறைஞ்சுபோனா பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு பெரியப்பா."

"அவன் அப்படித்தான் போடுவான். அப்பத்தானே புதுசு விக்கும்?" ஒரு பேனாவை எடுத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றி அக்குளில் செருகிக்கொண்டார். மத்தியானத்திலிருந்து வெயிலில் அலைந்த உடம்பு. "மலை மேல ட்ரையலுக்குப் போனப்ப டாங்குல ஆயில் உறைஞ்சு கெடக்கும். கீழ நெருப்ப மூட்டுவோம். உருகும், வண்டி ஓடும். ஆயில் கெட்டா போச்சு? இதுவும் அப்படித்தான்."

"அது வண்டிங்க" என்றார் பெரியம்மா.

சற்று நேரம் கழித்துப் பெரியப்பா பேனாவை வெளியே எடுத்து நீட்டினார். மருந்து உருகித் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. பேனா மேல் ஈரம், ஒரு நரைமுடி. "பாரு, கண்ணாடி மாதிரி கீது. போட்டுக்க."

நான் ஜன்னலைத் திறந்தேன்.

பெரியம்மா அதை வாங்கவில்லை. "வித்யா, அந்த டிரைவர் தம்பிக்குப் போன் போடு. மருந்துக்கடை இருக்குதான்னு கேளு."

"இன்னா வெளாட்றியா? எட்டு மணிக்கு ஏர்போர்ட் வண்டி. இப்பதான் நைட்டு டிபன் தெறக்கறான்!"

"நீங்க சாப்புடுங்க" என்றார் பெரியம்மா, செருப்பை மாட்டியபடி.

பெரியப்பா நிஜமாகவே சாப்பிடப் போனார். மனைவியின் மருந்து முழுவதையும் பாழாக்கிவிட்டு, சாப்பாட்டுச் சீட்டை வீணாக்கக் கூடாது என்று, மூவருடைய சீட்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஆசிக் அழைத்துப்போன முதல் கடையில் இந்த மருந்து இல்லை. இரண்டாவது கடையில், மருத்துவர் சீட்டைக் கேட்டார்கள். பெரியம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் விவரத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். மெல்போர்னில் ஒரு மருத்துவரைப் பார்க்கும்வரை தாங்கும் அளவுக்கு மருந்தை ஐஸோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். வேனிலேயே ஊசி போட்டுக்கொண்டார். போட்டதும் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். ஆசிக் ஒரு கடை வாசலில் நிறுத்தி மீன் அடைத்த பன், அவர்கள் பேச்சில் மீன் பணிஸ், வாங்கிவந்தார்.

"சூடா கீதே!" என்று ஆச்சரியப்பட்டார் பெரியம்மா. "இப்ப போட்டதா தம்பி?"

"ஓம் அம்மா, இப்பதான் எடுத்தவை."

அவர் அதை ஒரு துணுக்குகூட விடாமல் தின்றார்.

விடுதி வாசலில் பெரியப்பா பெட்டிகளோடு நின்றிருந்தார். கையில் நீல உறை. அது உப்பியிருந்தது. உள்ளே கோழி, கேக், மத்தியானம் சேர்த்த மீன். "நைட்டு ஃப்ளைட்ல பசிச்சா? இதுல வச்சா கெடாது பாரு." உருகிய பேனாக்கள் சட்டைப் பையில் வரிசையாகச் செருகியிருந்தன, ஆலையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பாரே, அதேபோல.

"புதுசையும் இதோட சேத்து வச்சிக்கலாம். இத ஒருநாள், அத ஒருநாள் போட்டா நெறைய நாள் வரும். பிரியாகிட்ட இன்னாத்துக்கு சொல்லிகினு."

பெரியம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சோற்றில் எதையோ கண்டுவிட்டவர் பார்வை. கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மகள் வீட்டு ஃப்ரிட்ஜில் பெரியப்பா இரண்டையும் கலந்துவிடுவார். மறுபடி மருத்துவமனை, மறுபடி பிரியா தனியாக. அது எனக்குப் புரிய நேரமானது. பெரியம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"சரி, குடுங்க. நானே வச்சிக்கறேன்" என்று பேனாக்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பெரியப்பாவுக்கு நிம்மதி. வேனில் ஏப்பம் விட்டபடி வந்தார்.

விமான நிலையத்தில் சோதனை முடிந்ததும் பெரியம்மா பெண்கள் கழிப்பறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கைகழுவும் தொட்டி முன்னால் நின்று ஒரு பேனாவுக்கு ஊசி மாட்டினார். அளவு வைக்கும் திருகுமுனையை முடிந்தமட்டும் திருப்பி, அழுத்தினார். மருந்து மெல்லிய கோடாக வெள்ளைப் பீங்கானில் இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தா வாசம் எழுந்தது. மறுபடி திருகினார், மறுபடி அழுத்தினார். அது தீர்ந்ததும் அடுத்தது. ஒரு பேனாவைக் காலி செய்யப் பல தடவை அழுத்த வேண்டியிருந்தது. நானும் ஒன்றை எடுத்துத் திருகினேன். பெரியப்பா அக்குளில் வைத்திருந்த பேனாவைத் தொடத்தான் தயக்கமாக இருந்தது. டிஷ்யூ தாளால் பிடித்துக்கொண்டேன்.

பேனாக்களோடு உள்ளே போனது அவருக்கு உறைத்திருக்க வேண்டும், வெளியிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "தாச்சா! இவ்ளோ நேரம் இன்னா பண்ற? ஊத்திடாத! கவர்மென்ட் குடுத்த மருந்துடி அது! நம்ம கோட்டா!"

உள்ளே வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைப் பார்த்துத் தயங்கி, வேறு தொட்டிக்குப் போனாள். பெரியம்மா நிமிரவில்லை. கடைசிப் பேனாவைக் காலி செய்து, ஊசிகளைக் கழற்றி டப்பாவில் மூடி, பேனாக்களைக் குப்பைக்கூடையில் போட்டார். சோப்புப் போட்டுக் கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவினார்.

வாசலில் பெரியப்பா நீல உறையை மார்போடு அணைத்து நின்றிருந்தார். அதிலிருந்து மீன் எண்ணெய் கசிந்து சட்டையில் இறங்கியிருந்தது. "ஊத்திட்டியா?" என்றார். யாரோ செத்துப்போன மாதிரி முகம்.

"ஊத்திட்டேன்."

"அவ்ளோத்தையுமா?"

பெரியம்மா தெர்மோகோல் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, விமானம் நிற்கும் வாசலைத் தேடி முன்னால் நடந்தார். அங்கே மூன்று இருக்கைகள் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தன. பெரியப்பா முதலில் ஓடிப்போய்க் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார். பெரியம்மா அவரைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போய், தனி இருக்கை ஒன்றில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.