மேல்சபை இல்லாத பாராளுமன்றம்

போன கோடை விடுமுறையில் செஞ்சியில் ஒரு பாராளுமன்றம் கூடியது. ஒரே நாள், அதுவும் பிற்பகல் மட்டும். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து லீவுக்கு வந்திருந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து உயர்நிலைப் பள்ளி ஹாலில் நடத்திய விவாதப் போட்டி அது. டில்லியில் உள்ளபடியே ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சபாநாயகர் எல்லாம் உண்டு. மேல்சபை மட்டும் கிடையாது. நாற்காலி போதவில்லை.

ஊர் வக்கீல் ஒருவர்தான் சபாநாயகர், நடுவரும் அவரே. நேரம் முடிந்தால் அடிக்க யாருடைய சைக்கிளிலிருந்தோ மணியைக் கழற்றி அவர் மேஜையில் வைத்திருந்தோம். பரிசு, நைனா கொடுத்த பித்தளைச் சொம்பு. எங்களுக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை.

மசோதா இதுதான்: பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. யார் எந்தப் பக்கம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினோம். எல்லாருக்கும் எதிர்க்கட்சிதான் வேண்டும். வெளிநடப்பு செய்கிற சுகம் ஆளுங்கட்சிக்கு ஏது? என் சீட்டைப் பிரித்தேன்: ஆளுங்கட்சி. போதாக்குறைக்கு என் பக்கத்துப் பையன்கள், "நீயே பிரதமரா இரு. பொண்ணே எழுந்து சொன்னாத்தான் எடுபடும்" என்று பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் அப்போதுதான் பி.ஏ. முதல் வருஷம் முடித்திருந்தேன். இரண்டாம் வருஷம் உண்டா என்று கேட்டால் நைனா, "ஜூன்ல பாத்துக்கலாம்" என்பார். அந்த நைனா, சொம்பு கொடுத்த தகுதியில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்சம் தோற்கிற மாதிரிப் பேசினால் என்ன என்று தோன்றியது. அதற்குள் சபாநாயகர் என்னைப் பேச அழைத்துவிட்டார். மேடையில் ஏறிய பிறகு என்னால் தோற்க முடியாது. அது ஒரு வியாதி.

"கனம் சபாநாயகர் அவர்களே! பி.ஏ. படித்த பெண்ணுக்கு எம்.ஏ. படித்த மாப்பிள்ளை தேட வேண்டும். இருக்கிற அண்டாவுக்கு மூடி வாங்குவதை விட்டு, மூடி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ற அண்டாவைத் தேடி ஊர் ஊராக அலைவானேன்?" என்றேன். கேட்க வந்திருந்த கடைத்தெரு மொத்தமும் சிரித்தது. விட்டேனா? "கல்லூரிக்குப் போன பெண் எப்படி வாயாடுவாள் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? இதோ, உங்கள் முன்னால் நிற்கிறேன்!" கைதட்டல் ஓயச் சபாநாயகர் பலமுறை மணி அடிக்க வேண்டியிருந்தது.

எதிர்க்கட்சித் தலைவர் வல்லத்துப் பையன். எடுத்த எடுப்பில், "பெண்ணினமே, விழித்தெழு!" என்று முழங்கினான். அந்த ஹாலில் இருந்த ஒரே பெண் நான். நான் ஏற்கெனவே விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவனுடைய கடைசி வரியைத் திருவண்ணாமலை பஸ்ஸின் ஹாரன் விழுங்கிவிட்டது. மசோதா நிறைவேறியது. சொம்பு எனக்கு.

வீட்டுக்கு வரும் வழியில் நைனா சொம்பைச் சுண்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்:

"நல்லா யோசிச்சித்தான் பேசியிருக்கிற, பாப்பா. எனக்கே இத்தினி நாள் இது தோணல. காலேஜை நிறுத்திடலாம்."

"நைனா! அது சீட்டுல வந்த பக்கம்!"

"சீட்டுல வந்தா இன்னா? சொன்னது நீதான?"

"எதிர்க்கட்சின்னு வந்திருந்தா இதையே மாத்திப் பேசியிருப்பேன்."

"அப்ப அது பொய்யா? வக்கீல் ஐயா பொய்க்கா பரிசு குடுத்தாரு?"

மறுநாள் வல்லத்துப் பையனைப் பிடித்தேன். அந்தப் பேச்சை அப்படியே நைனாவிடம் ஒருமுறை பேசினால் போதும் என்று கெஞ்சினேன். "பெண் கல்விக்காக உயிரையே குடுப்பேன்" என்றபடி கடைக்கு வந்தான். நைனா காபி வாங்கிக் கொடுத்தார்.

"இன்னா தம்பி, உன் அபிப்பிராயம் இன்னா?"

பையன் காபியைப் பார்த்தான், நைனாவின் மீசையைப் பார்த்தான். "அவங்க சொன்னதுதான் சரிங்க ஐயா. என் தங்கச்சிய நாங்களே எட்டாவதோட நிறுத்திட்டோம்" என்றான். எதிர்க்கட்சி மொத்தமும் ஒரே டம்ளர் காபியில் கட்சி மாறியது.

அன்று சாப்பாட்டு வேளையில் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "நைனா, கீழ்சபையில நிறைவேறினா மட்டும் சட்டம் ஆயிடாது. மேல்சபைக்கும் போகணும்."

"அது எங்க இருக்குது?"

நான் அடுப்பங்கரையைக் காட்டினேன். ரசக் கரண்டியோடு வந்த அம்மாவிடம் இரண்டு தரப்பையும் நானே எடுத்துச் சொன்னேன். பெண்ணுரிமை, நாட்டு முன்னேற்றம், வருங்காலச் சந்ததி என்று நான் மூச்சு வாங்கும் வரை அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு நைனா பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, ஒரு வருஷம் போனதுக்கே இந்த வாய். இத்த நாள் பூரா வீட்ல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அங்க வாத்தியாருங்க சம்பளம் வாங்குறாங்க இல்ல? அவங்க கேக்கட்டும். அனுப்பிடுங்க."

நைனா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டாமல் பகல் முழுக்கக் கடையில் இருக்கும் தன் நல்ல காலத்தையும் நினைத்திருப்பார் போல. "சரி, போ" என்றார்.

பெண் கல்விக்கு இதைவிடக் கேவலமான நியாயம் உலகத்தில் எங்கும் சொல்லப்பட்டிருக்காது. மறுத்துப் பேச என் நாக்கின் நுனியில் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. ரசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.