கை வலிக்காத மிஷின்

எங்கள் கம்பெனியில் கையில் பிடித்து இலை ஊதித் தள்ளும் மிஷின் டிசைன் செய்கிறோம். காற்று பலமாக வரவேண்டும், கனம் தெரியக்கூடாது, முன்பக்கம் சாயக்கூடாது. பேட்டரியை இடம் மாற்றி மாற்றி வைத்தே எனக்குப் பாதி முடி போய்விட்டது.

இன்று காலை புது மாடலை உத்திரமேரூரில் எங்கள் வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தேன். வேப்பஞ்சருகு மொத்தமும் தெருவைத் தாண்டிப் பறந்தது.

கூடவே எதிர்வீட்டு செல்வி அக்கா அப்போதுதான் போட்டு முடித்த கலர் கோலமும்.

அக்கா இடுப்பில் கைவைத்து வந்து நின்றார். "இன்னா நைனா பண்ணிக்கினு கீற?"

பேச்சை மாற்ற மிஷினை அவர் கையில் கொடுத்தேன். "தூக்கிப் பாருக்கா. நாள் பூரா புடிச்சாலும் கை வலிக்காது."

"ஆமா, பஞ்சாட்டம் கீது. அப்ப உனுக்குக் கை வலிக்கல?"

"துளிகூட இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. குந்து. கோலத்தப் போடு."

போட்டேன். புள்ளி தப்பும்போதெல்லாம் அக்கா அதே மிஷினால் ஊதி அழித்துவிட்டு, "மறுபடி போடு" என்றார். அவருக்குக் கை வலிக்கவே இல்லையாம்.

எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. நாளை ஆபீசில், "மிஷின் எப்படி, கை வலிச்சுதா?" என்று கேட்பார்கள்.

இன்னா சொல்றது, சொல்லுங்க.