கோணக்கண் மயிலும் என் முழுக்கை ரவிக்கையும்

1998-ஆம் வருடம். ஆடிக்காற்று தெருப் புழுதியை எல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். ஆரணியில் எங்கள் வீட்டின் பின்கட்டு அறையில்தான் அப்போதும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். முன்கட்டில் அண்ணன் குடும்பம். அம்மா போன பிறகு பின்கட்டு எனக்கு என்று ஆகிவிட்டது. என்னை யாரும் ஒதுக்கவில்லை. நானாகத்தான் ஒதுங்கிக்கொண்டேன்.

பதினாலு வயதில் என் வலது முழங்கைக்குக் கீழே சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. பத்தாவது முடிப்பதற்குள் இரண்டு கையிலும் பரவிவிட்டது. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். பெண் பார்க்க வருகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டா வருவார்கள்? இரண்டு குடும்பம் வந்து, ஊற்றி வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போனது. அதற்குப் பிறகு அம்மா எனக்கு மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். சித்திரை வெயிலிலும் அதுதான் எனக்கு.

அண்ணன் பட்டுப் புடவைக்கு டிசைன் அட்டை குத்துகிறவர். பார்டரில் வருகிற மயிலும் அன்னமும் முதலில் கிராஃப் தாளில்தான் உருவாகும். எந்தக் கட்டத்துக்கு வண்ணம், எந்தக் கட்டம் காலி என்று பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், ஓட்டைக்குத் தக்கபடி இழை தூக்கிப் பூ விழும். தாளில் கட்டம் நிரப்புவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

என் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பால்வாடி. நடுவில் கம்பி வலை போட்ட சின்ன ஜன்னல். அந்தப் பால்வாடி டீச்சர்தான் வெளியிலிருந்து என் அறைக்கு வருகிற ஒரே ஆள். ஒருநாள் வந்தவர், வீணாய்ப்போன கிராஃப் தாளில் நான் பொழுதுபோக்காகப் போட்டு வைத்திருந்த அணில் படங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, இவ்ளோ கைவேலையை வச்சிகினு சும்மா குந்திகினு இருக்கறே? எங்க பசங்களுக்கு இதையே கதையா போட்டுக் குடேன்."

என் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே இரண்டு வரி. தப்பாகக் குத்திப்போட்ட அட்டைதான் மேலுறை. மிச்சமான பட்டு நூலால் தைத்துவிடுவேன். வேர்க்கடலையைப் பங்கு போட்ட அணில், நொண்டி நாய்க்குத் தண்ணீர் வைத்த ஆடு. இப்படி ஏழு புத்தகம் ஆயிற்று.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் சத்தமாகப் படிப்பார். நான் இந்தப் பக்கம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கேட்பேன். எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வருவதற்கு முன்பே என் முகம் தயாராகிவிடும்.

"டீச்சர், இது யாரு போட்டது?" என்று ஒரு குரல் கேட்கும்.

"ஆபீஸ்ல இருந்து வருதுடா."

அதைக் கேட்டுத் தனியாகச் சிரித்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் எனக்கென்று இருந்த மனிதர்கள் என்றால், சுவர் வழியாக வந்த அந்தச் சத்தம்தான்.

அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். ஐந்து வயது இருக்கும். அம்மாவுக்கு ரைஸ் மில்லில் நெல் காயப்போடுகிற வேலை. இரட்டைச் சடையில் எப்போதும் சிவப்பு ரிப்பன். இடது கண் மட்டும் மூக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும்.

"ஏய், நீ என்னைப் பாக்கறியா, அவனைப் பாக்கறியா?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். அவள் என் ஜன்னலுக்குக் கீழே வந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு காரையை நகத்தால் சுரண்டுவாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவள் நிமிர்ந்து பார்த்துவிடப் போகிறாளே என்று நான்தான் பின்னால் நகர்ந்துகொள்வேன்.

வாயால் சொல்ல முடியாததைப் படத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்குச் சில மாதம் முன்னால் வேலையில் ஒரு தப்பு செய்திருந்தேன். ஒரு மயிலின் கண்ணை ஒரு கட்டம் தள்ளி நிரப்பிவிட்டேன். அண்ணனும் கவனிக்காமல் அட்டை குத்திவிட்டார். அட்டையில் விழுந்த தப்பு ஒரு மயிலோடு நிற்காது. அந்த அட்டை சுற்றிச் சுற்றி வர, பார்டர் நெடுக ஒவ்வொரு மயிலுக்கும் கண் மூக்கில் ஏறிக்கொண்டது. முதலாளி புடவையை அண்ணன் முன்னால் வீசிவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஒரு கதை செய்தேன். நூறு மயிலில் ஒரே ஒரு மயிலுக்குக் கண் கோணல். மற்றவை கேலி செய்கின்றன. கடைசியில் ஒரு கல்யாணப்பெண் வந்து, "இந்த மயில்தான் என்னையே பார்க்கிறது" என்று அந்தப் புடவையை எடுத்துக்கொள்கிறாள். அந்தக் குழந்தைக்கு மட்டும் ரகசியமாகப் புரியட்டும் என்று மயிலின் கொண்டையில் இரண்டு சிவப்பு ரிப்பனும் கட்டிவிட்டேன்.

அந்த ரிப்பனைப் போடும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

டீச்சர் படிக்க ஆரம்பித்தார். வழக்கம்போல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கமே போயிருக்காது.

"டீச்சர், மயிலு செவப்பு ரிப்பன் கட்டிகினு இருக்குது!"

"டேய், இது அவடா! கோணக்கண்ணு மயிலு!"

அதற்குப் பிறகு வந்த சிரிப்பு, இத்தனை நாள் நான் காத்துக்கிடந்த அதே குரல்களின் சிரிப்புதான். டீச்சர் அதட்டினார், மேசையைத் தட்டினார், அவசர அவசரமாக மிச்சத்தைப் படித்து முடித்தார். கல்யாணப்பெண் வந்தது யார் காதிலும் விழவில்லை.

அன்று சாயங்காலமே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அக்கா, அண்ணன்களுக்கு அந்தப் பட்டப்பெயர் தெரிந்துவிட்டது. மறுநாள் தெருமுனைக் கடையிலும் கேட்டது. அட்டையில் விழுந்த தப்பு மாதிரிதான். அந்தப் பக்கம் போன ஒவ்வொரு வாயிலும் அதே மயில்.

மறுநாள் அந்தக் குழந்தை பால்வாடிக்கு வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. ஜன்னலுக்குக் கீழே சுரண்டின காரை அப்படியே கிடந்தது. பால்வாடிக்கு வந்தால்தான் அவளுக்கு மத்தியானம் சூடான சோறு. அம்மா காலையில் மில்லுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதுவரை குழந்தை எங்கே இருக்கும், என்ன சாப்பிடும்? டீச்சர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தும் குழந்தை கதவைத் திறக்கவில்லையாம்.

எட்டாம் நாள் அந்த அம்மாவே பால்வாடிக்கு வந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எவ எழுதனா இதை? கூட்டியா அவளை! நான் அங்க நெல்லைக் கிளறிகினு கெடக்கறேன், இங்க எம்பொண்ணு கதவைச் சாத்திகினு தனியா குந்திகினு இருக்குது. ஏன்டி போவலன்னு கேட்டா, நான் மயிலு, வரமாட்டேங்குது."

"இல்லம்மா, அது ஆபீஸ்ல இருந்து வந்த புக்கும்மா..."

"ஆபீஸ்காரனுக்கு எம்பொண்ணு ரிப்பன் எப்பிடித் தெரியும்?"

அந்த அம்மா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் டீச்சர் என் அறைக்கு வந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "உன் பேரை நான் சொல்லலக்கா. சொல்லவும் மாட்டேன், பயப்படாதே," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பயப்படுவதுதான் இவருக்கு முதலில் தோன்றுகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மில் விடுகிற நேரத்துக்குக் கிளம்பினேன். தெருவில் நடந்து பல மாதம் ஆகியிருந்தது. எல்லாரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் வீடு கடைசிச் சந்தில் இருந்தது. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து, தலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதையை எழுதினது நான்தாங்க," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "நீ அட்டை குத்தறவரு தங்கச்சிதானே?"

"ஆமாங்க. நல்லதுக்குத்தான் எழுதினேன். தன்னைப் பத்தி அது குறையா நினைக்கக் கூடாதுன்னு..."

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் ரவிக்கைக் கையைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"உன் கையில இருக்கறது இந்த ஊருக்கே தெரியும். அதை மணிக்கட்டு வரிக்கும் மூடிகினு வந்து நிக்கறே. எம்பொண்ணு கண்ணை மட்டும் படம் போட்டு எல்லாருக்கும் காட்டுவியா? இது எந்த ஊரு நியாயம்?"

ஊருக்கே தெரியும் என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் யாரிடமிருந்து மறைத்தேன்?

என்ன நினைத்தேனோ, மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றினேன். துணியை முழங்கை வரை மடித்துவிட்டேன். வெளிக்காற்று பட்டதும் அந்த இடம் கூசியது.

கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தை வந்தாள். சடையில் ரிப்பன் இல்லை, கறுப்பு நூலால் கட்டியிருந்தார்கள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெள்ளைத் திட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"எனக்கும் கண்ணு வலிக்காது," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க மயிலுன்னு கூப்பிட்டாதான் வலிக்கும்," என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த வார்த்தையை அப்போதுதான் சொன்னேன், அந்த அம்மாவிடம் இல்லை, குழந்தையிடம். அவள் அதைக் கேட்டாளா என்று தெரியாது. மயில் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். கிழித்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். கிழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாளில் இன்னொரு புத்தகம் செய்தேன். இரண்டு நிறக் கை உள்ள ஒரு பெண், காலையில் எழுந்து பல் தேய்க்கிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், படம் போடுகிறாள், ஜன்னல் வழியாகப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. அவளைத் தேடி யாரும் வருவதில்லை, கடைசியில் அதிசயம் எதுவும் நடப்பதில்லை. கை வருகிற இடத்தில் சில கட்டங்களை நிரப்பாமல் விட்டேன். தாளின் வெள்ளையே என் கையின் வெள்ளையாக இருந்தது.

"குடுக்கா, படிச்சிடறேன்," என்றார் டீச்சர்.

"இதை நானே படிக்கிறேன்," என்றேன். அவர் நம்பாமல் என் முகத்தையே பார்த்தார்.

ரவிக்கையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பால்வாடிக்குள் போனேன். இத்தனை நாள் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் புத்தகத்தைப் பிரிப்பதற்குள் அவர்களே ஆரம்பித்தார்கள்.

"ஐய, கையில இன்னா, சுண்ணாம்பா?"

"இல்ல, என் தோலே அப்படித்தான்."

"தேச்சா போவுமா?"

"போவாது."

"தொட்டா எங்களுக்கு வந்துடுமா?"

"வராது."

முன்வரிசையில் ஒருத்தன் எழுந்து வந்து எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். "நெஜமாவே போவலடா," என்று அறிவித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். பிறகு, "கதை சொல்லுங்க, ஜல்தி," என்றார்கள். இருபது வருடம் நான் பயந்து ஒளிந்த கேள்விகள் அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டன.

படிப்பதற்கு முன், "மயில் கதையில நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒருத்தரோட ரிப்பனை அவங்களைக் கேக்காம எடுத்துப் போட்டுட்டேன்," என்று சொன்னேன். அப்போது வாசலில் ரைஸ் மில் அம்மா நிற்பதைப் பார்த்தேன். டீச்சர் சொல்லியனுப்பியிருக்க வேண்டும், மத்தியான வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. நான் மூன்றாவது பக்கம் திருப்பும்போது குழந்தை இறங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் தானாகவே வந்தாள். அந்தப் பெயர் உடனே ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய். சுவர் வழியாக நான் கேட்டேன். ஆனால் ஒருநாள் அவள் குரலையும் கேட்டேன்: "ஆமா, மயிலுதான். இன்னா இப்போ?" அந்தக் கதையால் அவளுக்குத் தைரியம் வந்தது என்று நான் நினைத்துக்கொள்வதில்லை. அது அவளுடையது. அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். அதற்கடுத்த வருடம் அந்தக் குடும்பம் சென்னைக்கு வேலை தேடிப் போய்விட்டது. போகிறோம் என்று என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அவளுக்கு என்னை ஞாபகம் இருக்கவும் வாய்ப்பில்லை.

மயில் புத்தகம் என் பெட்டியில் இருக்கிறது. அதற்குப் பிறகும் பிள்ளைகளுக்குக் கதைகள் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாழ்க்கை பெரிதாக மாறிவிடவில்லை. அதே பின்கட்டு, அதே சுவர், மத்தியானத்தில் அந்தப் பக்கம் வேறு குழந்தைகளின் சத்தம். ஒவ்வொரு புதுக் கதைக்கும் முதல் கட்டத்தை நிரப்புவதற்கு முன் ரவிக்கைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொள்கிறேன். யாருடைய குறைக்கு நான் ஆறுதல் சொல்லப் போனாலும், தாளின் மேல் முதலில் என் கை என் கண்ணில் பட வேண்டும்.